கல்லூரியில் ஜப்பானியத் தொடக்கநிலைப் பாடம்: முதல் பருவத்தில் மதிப்பெண் எங்கே போகிறது?

நெல்லிக்காய்:
அடுத்த பருவத்துக்கு விருப்பப் பாடமா ஜப்பானிய மொழி தொடக்கநிலை எடுத்திருக்கேன். எழுத்து ஒண்ணும் தெரியாது. வகுப்பு தொடங்க மூணு வாரம் இருக்கு. "தமிழ் தெரிஞ்சா ஜப்பானியம் சுலபம்"னு கேட்குற இடத்துல எல்லாம் சொல்றாங்க. அது எதுவரைக்கும் உண்மை? இந்த மூணு வாரத்துல என்ன பண்ணி வெச்சா பிறகு திணறாம இருக்கலாம்? கான்ஜியை, அதாவது சீனத்துல இருந்து வந்த எழுத்துகளை, கையால எழுதிப் பழகணுமா? கூடவே என்5 தேர்வும் (ஜப்பானிய மொழித்திறன் தேர்வோட தொடக்கப் படி) எழுதிடலாமா?

வடதிசை:
ஹிரகானாவை (ஜப்பானியத்தின் அடிப்படை ஒலியெழுத்து) முடித்துவிட்டு வகுப்புக்குள் நுழையுங்கள். மற்றதெல்லாம் பிறகு. பெரும்பாலான இடங்களில் முதல் சில வாரங்களுக்குள்ளேயே எழுத்துத் தேர்வு வைத்துவிடுவார்கள். அதன் பிறகு பாடநூலில் ரோமன் எழுத்து துணைக்கு வராது.

அடிப்படை எழுத்துகள் 46. வலது மேல்மூலையில் இரட்டைக் கோடோ சிறு வட்டமோ போட்டு வருபவை 25. ய, யு, யொ மூன்றும் சிறிதாக ஒட்டி வரும் கூட்டெழுத்துகள் 33. மனப்பாடம் அந்த 46-க்கு மட்டும்தான். மீதி எல்லாம் விதி.

வரிசையைப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கில் இடையில் இருக்கும் சிலவற்றை எடுத்துவிட்டால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்றுதான் நிற்கும். தற்செயல் இல்லை. பௌத்தத் துறவிகள் படித்த சித்தம் எழுத்தின் வழியே இந்திய எழுத்து வரிசை அங்கே போனது. நம் 'ப' இருக்கும் இடத்தில் 'ஹ' இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்த வரிசை ஒரு காலத்தில் ப-ஒலியாக இருந்தது. அதனால்தான் ஹ-வுக்கு இரட்டைக் கோடு போட்டால் 'பந்து' என்பதை ஒலிப்புடன் சொல்வது போன்ற ப வருகிறது, வட்டம் போட்டால் 'படம்' என்பதில் வரும் ப. அகராதியும் இதே வரிசைதான், ஆகவே வரிசையை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் படிக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு வரிசை, ஐந்து எழுத்து. பார்த்துப் பார்த்துப் பத்து தடவை எழுதுவது கைக்குத்தான் வேலை. மூடி வைத்து நினைவிலிருந்து எழுதுங்கள், திறந்து ஒப்பிடுங்கள், தப்பியதை மட்டும் மறுபடி எழுதுங்கள். பத்தே நாளில் முடியும். மிச்ச நாள்களில் எழுத்துகளைச் சொற்களாகப் படியுங்கள். தனியாகக் காட்டினால் தெரிகிற எழுத்து, சொல்லுக்குள் வந்தால் பலருக்குச் சிக்கும்.

மாறிப்போகும் ஜோடிகள்: நு-மெ, ரு-ரொ. இரண்டிலும் முன்னதற்கு முடிவில் சுழி உண்டு, பின்னதற்குக் கிடையாது. நெ, ரெ, வ மூன்றும் இடப்பக்கம் ஒன்றே. வலப்பக்கம் நெ சுழியும், ரெ வெளியே நீளும், வ உள்ளே வளையும்.

கீற்று:
இதோட ஒண்ணு. கி, ச ரெண்டும் அச்சுல ஒரே கோடா ஓடுற மாதிரி தெரியும், கையெழுத்துல கடைசி வளைவு தனியா நிக்கும். கணினித் திரையைப் பார்த்து எழுதிப் பழகினா ஆசிரியர் சிவப்பு மை போடுவார். கையெழுத்துக்குன்னு இருக்கிற பாடநூல் எழுத்துருவைப் பார்த்து எழுதுங்க.

கட்டகானாவை (முக்கியமா அயல்மொழிச் சொற்களுக்கான ஒலியெழுத்து) யாரும் மதிக்கிறதில்ல, அதான் பருவம் முடியறப்ப அங்கதான் அடி விழும். ஷி, ட்சு, ந், சொ நாலும் ஒரே முகம். ஷி-யில சின்னக் கோடு ரெண்டும் இடப்பக்கம் ஒண்ணு கீழ ஒண்ணா அடுக்கியிருக்கும், நீளக் கோட்டைக் கீழேயிருந்து மேல இழுக்கணும். ட்சு-வில சின்னக் கோடு ரெண்டும் மேல பக்கத்துல பக்கத்துல நிக்கும், நீளக் கோடு மேலேயிருந்து கீழ இறங்கும். ந், சொ ரெண்டும் இதே கணக்குதான், சின்னக் கோடு மட்டும் ஒண்ணு. இழுக்கிற திசை சரியா இருந்தா உருவம் தானா சரியாகும்.

தாள்பேனா:
நெல்லிக்காய், ஒரு எச்சரிக்கை. ஜப்பானியச் சொல்லுக்குப் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழில் குறித்து வைக்காதீர்கள். இந்த இழையில் வேறு வழியில்லாமல் எழுதுகிறோம், குறிப்பேட்டில் வேண்டாம்.

தங்கத்துக்கு ஜப்பானியத்தில் ஒரு சொல், வெள்ளிக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் 'கின்'. முதலாவது 'கல்' என்பதில் வரும் க, இரண்டாவது 'கங்கை' என்று சொல்லும்போது முதலில் வரும் ஒலிப்புடைய க. நமக்குக் காதில் வேறுபாடு தெரியும், எழுத்தில் தெரியாது. வானிலையும் மின்சாரமும் இதே போல 'தென்கி'தான். தேர்வில் ஒலியைக் கேட்டு எழுதச் சொன்னால் இரட்டைக் கோடு போடுவதா வேண்டாமா என்ற இடத்தில் மதிப்பெண் போகும்.

இதைவிடக் கெட்டது இன்னொன்று. சொல் நடுவில் வல்லொலி என்று காட்ட நாம் 'க்க', 'த்த' என்று இரட்டிப்போம். ஜப்பானியத்திலோ இரட்டிப்பது தனிப்பொருள் தரும். 'வந்து' என்பதற்கும் 'அஞ்சல்தலை' என்பதற்கும் வேறுபாடு நடுவில் இரட்டிப்பைக் காட்டும் ஒரு சிறிய ட்சு எழுத்து மட்டுமே. தமிழில் இரண்டும் 'கித்தெ' ஆகிவிடும்.

நம் பழக்கத்தால் வரும் உச்சரிப்புப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நாம் தானாகவே மென்மையாக்குவோம்: 'பங்கு', 'பந்து' போல. வங்கிக்கான 'கின்கோ'வில் பின்னால் வருவது வல்லொலி க. அதை 'பங்கு' போலச் சொன்னால் வேறு சொல் மாதிரி கேட்கும். 'ட்சு'வை வெறும் 'சு' ஆக்குவது, தண்ணீருக்கான சொல்லில் கடைசி ஒலியை 'ஜு' என்பது, இரண்டும் அடிக்கடி நடப்பவை.

நல்ல செய்தியும் உண்டு. குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே வரும். அத்தைக்கும் பாட்டிக்கும் ஒபசான், ஒபாசான் என்று ஒரு நெடில்தான் வேறுபாடு. வேறு மொழிக்காரர்கள் திண்டாடும் இடத்தில் உங்களுக்குச் சிரமமே இருக்காது. மாத்திரைக் கணக்கில் மட்டும் ஒரு மாற்றம்: நம் மெய்க்கு அரை மாத்திரை, அங்கே ந்-க்கும் சிறிய ட்சு-வுக்கும் முழு மாத்திரை. 'கொன்னிச்சிவ' ஐந்து தட்டு: கொ, ந், நி, ச்சி, வ. கைதட்டிச் சொல்லிப் பாருங்கள், ந்-க்கு ஒரு தட்டு விழ வேண்டும்.

இரவுப்பறவை:
தமிழில் எழுதாதே என்பது சரி. ஆனால் முதல் வாரம் ரோமன் எழுத்தில் குறித்துக்கொள்வதில் தவறு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் முதல் நாளே பறித்துக்கொண்டால் பாடத்தையே விட்டு ஓடிவிடுவார்கள்.

தாள்பேனா:
முதல் வாரம் என்பது முதல் மாதம் ஆகும், பிறகு பருவம் முழுவதும் ஆகும். கண் எப்போதும் சுலபமானதைத்தான் படிக்கும். மேலே ரோமன் எழுத்து இருந்தால் கீழே இருக்கும் ஹிரகானாவைப் பார்க்கவே பார்க்காது.

இரவுப்பறவை:
சரி, பாடநூலின் மேல் எழுதக் கூடாது, தனித்தாளில் எழுதலாம் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

மூன்றாம் வரி:
இலக்கணத்துக்கு வருகிறேன். "சுலபம்" என்பது பாதி உண்மை, மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்ப்பது.

வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். செயப்படுபொருளுக்கு 'ஒ' நம் 'ஐ' போல, 'கர' நம் 'இலிருந்து' போல, 'மதெ' நம் 'வரை' போல, 'மொ' நம் 'உம்' போல. கடைசி ஒன்று ஆச்சரியப்படுத்தும் அளவுக்குப் பொருந்தும்: தரெ என்றால் யார், 'தரெமொ' எதிர்மறையோடு வந்தால் 'யாரும் இல்லை', 'தரெக்கா' என்றால் 'யாரோ'. கேள்விக்கு வாக்கியக் கடைசியில் 'கா', நம் 'ஆ' போல. பெயரெச்சமும் நம்முடையதே: 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே வைக்கலாம். சுட்டு மூன்று: கொ அருகில், சொ கேட்பவர் பக்கம், அ இருவருக்கும் தொலைவில், வினாவுக்கு தொ. இ, உ, அ, எ என்று பழந்தமிழில் இருந்த அமைப்பு. யாழ்ப்பாணத் தமிழில் 'உது' இன்னும் வழக்கில் உண்டு, அந்த வழக்கு உள்ளவர்களுக்கு இந்தப் பாடம் பாடமே இல்லை. மற்றவர்கள் நடுச் சுட்டை மறந்து எதிரில் இருப்பவர் கையில் உள்ள பொருளையும் 'அது' என்று தொலைச் சுட்டால் சொல்வார்கள். தவறு.

இனிக் கவிழ்க்கும் இடங்கள்.

நம் 'இல்' அங்கே இரண்டாகப் பிரியும். நூலகத்தில் இருக்கிறான் என்றால் 'நி', நூலகத்தில் படிக்கிறான் என்றால் 'டெ'. இருப்புக்கு நி, செயலுக்கு டெ. தமிழில் யோசித்து எழுதும் எவரும் இதில் ஒரு தடவையாவது விழுவார்.

நம் 'இரு' அங்கே இரண்டு வினை. உயிருள்ளதற்கு 'இரு', அதே ஒலி, நமக்குக் கொண்டாட்டம். உயிரற்றதற்கு 'அரு'. மேசை மேல் பேனா இருக்கிறது என்பதற்கு 'இரு' போட்டால் பேனா நடந்து போய்விடும். மரம் செடி கொடிக்கும் 'அரு'தான்.

'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குப் புரியும்' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லும் பழக்கத்தால் 'எனக்கு' என்று நி போடத் தோன்றும். தொடக்கநிலையில் அமைப்பு இதுதான்: நான் + வ (பேசுபொருள் உருபு), காபி + ஒலிப்புடைய க (எழுவாய் உருபு), பிறகு சுகி தெஸ் ('பிடிக்கும்'). பிடிக்கும் பொருளுக்கு 'ஒ' போடுவதும் இங்கே பிழையாகக் கணக்காகும்.

வ, க இரண்டுக்கும் வேறுபாட்டை முதல் பருவத்தில் முழுதாகப் புரிந்துகொள்ள முயல வேண்டாம். மூன்று கைப்பிடி போதும். 'யார் வந்தார்', 'எது நல்லது' போல வினாச்சொல் எழுவாயாக வந்தால் க. அதற்கான விடையிலும் க. 'அங்கே ஒரு பூனை இருக்கிறது' என்று புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்தினால் க. மற்ற இடங்களில் பாடநூல் எப்படிப் போடுகிறதோ அப்படி.

'நீங்கள்' என்பதற்கு அகராதியில் கிடைக்கும் அனத்தாவை ஆசிரியரிடம் பயன்படுத்தாதீர்கள். நமக்கு 'நீங்கள்' மரியாதை, அங்கே நேராக 'அனத்தா' என்பது முகத்துக்கு நேரே விரல் நீட்டுவது போல. 'சென்செய்' (ஆசிரியர்) என்றே சொல்ல வேண்டும். சொந்தப் பெயருக்கு மரியாதைக்கான 'சான்' சேர்ப்பதும் கிடையாது. கார்ட்டூன் தொடர் பார்த்து 'ஒரெ', 'ஒமயெ' (முரட்டுத்தனமான 'நான்', 'நீ') கற்றுக்கொண்டு வருபவர்கள் அதை வகுப்பு வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

நெல்லிக்காய்:
ரொம்ப நன்றி. எல்லாரும் 'தெ வடிவம்' வந்ததும் பாதிப் பேர் காணாமப் போயிடுவாங்கன்னு பயமுறுத்துறாங்களே, அது என்ன?

மூன்றாம் வரி:
நம் வினையெச்சம். 'செய்து' என்பதுதான். பொருள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெ-வுக்குப் பின் 'மிரு' வந்தால் செய்து பார், 'ஒகு' வந்தால் செய்து வை, 'ஷிமவு' வந்தால் செய்துவிடு. பார், வை, விடு என்ற துணைவினைகள் கூட அதே பொருளில் வருவதைப் பார்த்து மொழியியலாளர்கள் வெகுகாலமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற மாணவர்கள் பொருளோடு போராடும்போது நீங்கள் வடிவத்தை மட்டும் படித்தால் போதும்.

வடிவம் இப்படி. 'ரு' போனால் தெ வரும் எளிய வகை ஒன்று: தபெரு (சாப்பிடு), தபெதெ. மற்ற வகையில் அகராதி வடிவத்தின் கடைசி எழுத்தைப் பாருங்கள். உ, ட்சு, ரு முடிவுகள் 'த்தெ' ஆகும். மு, பு, நு முடிவுகள் 'ன்டெ' ஆகும். கு முடிவு 'இதெ', ஒலிப்புடைய கு முடிவு 'இடெ', சு முடிவு 'ஷிதெ'. விதிவிலக்கு ஒன்று: போவதற்கான 'இகு' மட்டும் 'இத்தெ'. ஒழுங்கற்றவை இரண்டு: சுரு (செய்), குரு (வா). அவற்றுக்கு ஷிதெ, கிதெ.

பொறி எங்கே என்றால், 'இரு', 'எரு' என்று முடிபவை எல்லாம் எளிய வகை என்று நினைப்பது. திரும்பிப் போ, உள்ளே நுழை, அறி, ஓடு, வெட்டு, தேவைப்படு: இந்த ஆறும் பார்க்க எளிய வகை போல் இருக்கும், ஆனால் 'த்தெ' எடுக்கும். ஆறையும் தனித்தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு இடம்: தெ + இரு எப்போதும் 'கொண்டிருக்கிறான்' இல்லை. 'இத்தெ இரு' என்றால் போய்க்கொண்டிருக்கிறான் என்று நாம் படிப்போம். அது 'போயிருக்கிறான்', அங்கேதான் இருக்கிறான் என்று பொருள். 'மணமாகியிருக்கிறது'ம் அப்படித்தான். செயல் நொடியில் முடிவதானால் முடிந்த நிலையைக் குறிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீற்று:
உரிச்சொல்லையும் விட்டுடாதீங்க. 'இ' முடிவுக்காரங்க தாங்களே வினை மாதிரி மாறுவாங்க. குளிருது சமுய், குளிரல சமுக்குநய், குளிர்ந்துச்சு சமுக்கத்த, குளிரலை அப்போ சமுக்குநக்கத்த. 'சமுய் தெஷித்த'ன்னு எழுதுறது உலகப் புகழ்பெற்ற தப்பு, இறந்தகாலம் சொல்லுக்குள்ளயே வரணும். 'கிரெய்' (அழகான) பார்க்க இந்தக் கூட்டம் மாதிரி இருக்கும், ஆனா இல்ல. அது பெயருக்கு முன்னாடி 'ந' சேர்க்கிற ந-வகை, எதிர்மறை 'கிரெய் ஜநய்'தான். நல்லதுக்கான 'ஈ' மாறும்போது யொக்குநய், யொக்கத்த ஆயிடும்.

வடதிசை:
எண்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. மனப்பாட வேலை கொட்டிக் கிடக்கும் இடம் இதுதான்.

நமக்கு ஆயிரத்துக்குப் பின் இரண்டிரண்டு இலக்கமாகப் பிரியும். அங்கே நான்கு நான்காகப் பிரியும். 10,000 ஒரு 'மன்'. நம் ஒரு லட்சம் 10 மன், பத்து லட்சம் 100 மன், ஒரு கோடி 1000 மன், பத்துக் கோடி ஒரு 'ஒகு'. 3,45,000 என்பதை வலமிருந்து நான்கு இலக்கம் விட்டு 34,5000 என்று வெட்டுங்கள்: 34 மன், 5 ஆயிரம். தாளில் வெட்டிப் படிப்பதுதான் வழி. லட்சத்தில் நினைத்து மனக்கணக்கில் மாற்றினால் கேட்டல் தேர்வில் அடுத்த கேள்வி போய்விடும்.

சில எண்களில் ஒலி மாறும்: 300, 600, 800 மூன்றும் சம்பியக்கு, ரொப்பியக்கு, ஹப்பியக்கு. 3000 சன்ஜென், 8000 ஹஸ்ஸென். எண்ணும் பொருளுக்கு ஏற்பச் சொல் மாறும்: நீளமானதற்கு ஹொன், தட்டையானதற்கு மய், புத்தகத்துக்கு சட்சு, வண்டி இயந்திரங்களுக்கு தய், சிறு விலங்குக்கு ஹிகி. மய், தய் இரண்டும் மாறாமல் ஓடும். ஹ-வில் தொடங்குபவை 1, 3, 6, 8, 10-ல் மாறும்: இப்பொன், சம்பொன், ரொப்பொன், ஹப்பொன், ஜுப்பொன். நிமிடத்துக்கு 4-ம் சேர்ந்துகொள்ளும்: யொம்புன். மணியில் 4 யொஜி, 7 ஷிச்சிஜி, 9 குஜி. தேதியில் 1 முதல் 10 வரை தனிப்பெயர், கூடவே 14, 20, 24. நான்கும் (யொக்க) எட்டும் (யோக) கேட்டலில் குழப்பவே கேட்கப்படும்.

எல்லா அளவுச் சொல்லையும் ஒரே வாரத்தில் தின்ன வேண்டாம். ஆள்களுக்கு ஹிதொரி, புதரி, பிறகு சன்னின், யொனின். பொருள்களுக்கு ஹிதொட்சு, புதட்சு என்று பத்து வரை. சந்தேகம் வந்தால் இந்தப் பொதுச் சொல்லால் பேச்சை ஓட்டிவிடலாம்.

நெல்லிக்காய்:
கான்ஜி?

இரவுப்பறவை:
அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் 2136. தொடக்கநிலைப் பாடத்தில் ஐம்பது, நூறு என்ற அளவில்தான் வரும். கையால் எழுதுவது இன்று யாருக்குத் தேவை? எல்லாரும் தட்டச்சுதான். அடையாளம் கண்டால் போதும்.

தாள்பேனா:
கல்லூரித் தேர்வில் எழுதச் சொல்வார்கள், அது ஒன்றே காரணம் போதும். எழுதாமல் படித்தால் 'காத்திரு', 'கையில் வைத்திரு' இரண்டும் ஒன்றாகவே தெரியும். வலப்பாதி அச்சு அசல், இடப்பக்க உறுப்பு மட்டும் வேறு. எழுதிய கை அதை மறக்காது. ஆனால் ஓர் எழுத்துக்கு உள்ள எல்லா உச்சரிப்பையும் பட்டியலாகப் படிப்பது வீண். சொல்லாகப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை 'நிச்சியோபி'யில் முதலிலும் கடைசியிலும் வருவது ஒரே எழுத்து. முன்னால் 'நிச்சி', பின்னால் 'பி'. பட்டியல் இதைச் சொல்லித்தராது. ஆங்கி போன்ற அட்டைச் செயலியில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் உச்சரிப்பும் பொருளும், நாளுக்குப் பத்துப் புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். பழைய அட்டைகள் குவிந்துதான் பலர் நிறுத்துகிறார்கள்.

மூன்றாம் வரி:
என்5 பற்றி: ஜூலை, டிசம்பர் முதல் ஞாயிறுகளில் நடக்கும். 180-க்கு 80 தேர்ச்சி, ஆனால் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120-க்கு 38, கேட்டலில் 60-க்கு 19 எடுத்தே ஆக வேண்டும்; மொத்தம் எவ்வளவு இருந்தாலும் ஒன்றில் குறைந்தால் தோல்விதான். பேச்சும் எழுத்தும் கிடையாது, எல்லாமே தேர்ந்தெடுக்கும் வினா. ஆகவே கல்லூரிப் பாடத்தில் கஷ்டப்படுபவர் இதில் தேறலாம், இதில் தேறியவர் வகுப்பு நேர்முகத்தில் வாய் திறக்காமலும் நிற்கலாம். ஒரு பருவம் முடித்தவுடன் வேண்டாம், இரண்டாம் பருவம் முடிந்தபின் எழுதுங்கள். கேட்டலுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி வேண்டும், ஒலி ஒரே தடவைதான் ஓடும்.

கீற்று:
வீட்டுப்பாடத்தைக் கணினியில தட்டச்சு பண்ணிக் கொடுக்கச் சொன்னா ரெண்டு விஷயம். உருபு 'வ'வை ஒலிப்படி தட்டினா வேற எழுத்து வரும், 'ஹ'வுக்கான விசைகளைத் தட்டணும். கொன்னிச்சிவ-வோட கடைசி எழுத்தும் அதேதான். உருபு 'ஒ'வுக்கு 'வொ'ன்னு தட்டணும். ந்-க்கு 'என்' விசையை ரெண்டு தடவை தட்டுங்க, அடுத்து 'ந' வரிசை எழுத்து வந்தா மொத்தம் மூணு தடவை. சின்ன ட்சு-வுக்கு அடுத்த மெய்யை ரெண்டு தடவை தட்டினாலே போதும். இடைவெளிப் பட்டையைத் தட்டினதும் முதல்ல வர்ற கான்ஜியை அப்படியே ஏத்துக்காதீங்க, இன்னும் படிக்காத எழுத்து வந்தா ஹிரகானாவிலேயே விட்டுடுங்க. வகுப்புல வராத கான்ஜி வீட்டுப்பாடத்துல இருந்தா ஆசிரியர் முதல்ல கேட்கிற கேள்வி, "இதை எங்கேயிருந்து எடுத்தீங்க?"